வாலுக்குத்தான் மவுசு!

காங்கேயம் என்றதும் வெளியூர் ஆட்களுக்கு ஞாபகம் வருவது காளை. அடுத்து தேங்காய் எண்ணெய். அதற்கடுத்து அரிசி ஆலை. மவுஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஸோ, நாம பேசுவோம்!

அதுவும் ஒயர்லெஸ் மவுஸ் இல்லை பாஸ்... வால் வெச்சது. கம்ப்யூட்டர் முதுகில் சொருகி, டேபிள் முழுக்க வயர் இழுத்துக்கொண்டு கிடக்குமே, அந்த மவுஸ். நம்ம ஊர் காளைக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ அப்படி! 'இன்னுமாடா இதைக் கட்டிட்டு அழுவுற?' என்று ஹாஸ்டலில் கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவர்களின் ஒயர்லெஸ் மவுஸ் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பேட்டரி தீர்ந்து மல்லாக்கும்போது, 'மச்சி, உன் மவுஸை ஒரு அரை மணி நேரம் தாடா' என்று வந்து நிற்பதும் அவர்களேதான்.

சரி, நிஜமாவே வயர் மவுஸ் பழசா? ஊரை ஒரு ரவுண்டு வந்து பார்த்துடலாம்.

காலண்டர் அட்டை ரகசியம்

திருப்பூர் ரோடு, தாராபுரம் ரோடு, சென்னிமலை ரோடு... எந்தப் பக்கம் போனாலும் ஒரு எடைமேடை இருக்கும். லாரி மேலே ஏறி நிற்கும், உள்ளே குட்டி ரூமில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் எழுத்து அழிந்துபோன கீபோர்டு, அழுக்கேறிய வயர் மவுஸ். 'ஏனுங்ணா, வயர் இல்லாதது ஒண்ணு வாங்கி வெக்கலாமில்லீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்புதான் பதில். ஒரு நாளைக்கு அத்தனை டிரைவர், கிளீனர் வந்து போகிற இடம். கட்டிப் போடாத பொருள் கால் முளைத்து நடந்துவிடும். மவுஸ் தப்பித்தாலும், நகம் சைஸில் இருக்கிற அந்த ரிசீவர் தப்பிக்காது. அது தொலைந்தால் பல மாடல்களில் மவுஸ் வெறும் பிளாஸ்டிக்!

எண்ணெய் மில் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், ஹார்டுவேர் கடை பில்லிங் என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான். இன்னொரு விஷயமும் கவனித்தேன். நிறைய கடைகளில் மேஜை மேலே கண்ணாடி போட்டிருக்கும். கண்ணாடிக்கு அடியில் சாமி படம், விசிட்டிங் கார்டு, பழைய பில். கண்ணாடி மேலே, மவுஸுக்குக் கீழே, போன வருஷத்து தினசரி காலண்டரின் அட்டை! பேடு வாங்கக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீங்க. அதற்குள்ளே பக்காவான ஃபிசிக்ஸ் இருக்கு. அதைப் புரிந்துகொள்ள மவுஸின் வயிற்றுக்குள் போகணும்.

வயிற்றில் ஒரு கேமரா

நம்ம மவுஸைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரியும். (சிலதில் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்.) அது சும்மா அழகுக்கு இல்லை. அந்த வெளிச்சம் டேபிள் மேல் சாய்வாக விழும். டேபிளில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் போடும். அந்த நிழலை ஒரு குட்டி கேமரா படம் எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். 1999-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர்' செகண்டுக்கு 1,500 படம் எடுத்தது. போன படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டு, 'ஓஹோ, இந்தப் புள்ளி இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கு' என்று உள்ளே இருக்கிற சிப் கணக்குப் போடும். அந்தக் கணக்குதான் திரையில் அம்புக்குறியாக ஓடுகிறது.

இப்போ கண்ணாடி மேல் வைத்தால்? கேமராவுக்குப் பார்க்க எதுவுமே இல்லை! வழவழவென்று இருக்கிற இடத்தில் நிழல் எங்கே விழும்? அம்புக்குறி அங்கங்கே துள்ளும், இல்லையென்றால் சிலை மாதிரி நிற்கும். காலண்டர் அட்டையின் சொரசொரப்பு கேமராவுக்குக் கிடைத்த விருந்து. கடைக்காரர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அடியில் இருக்கிற அந்த ஓட்டையில் ஒரு தலைமுடி மாட்டினாலும் இதே துள்ளல்தான். ஊதிவிட்டால் சரியாகிவிடும். அதற்குள் 'மவுஸ் போச்சு' என்று தூக்கி எறிகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

இதற்கு முந்தைய தலைமுறை மவுஸில் கேமரா கிடையாது, உருண்டைதான். ரப்பர் பூசிய கனமான குண்டு. அது உருள, உள்ளே இரண்டு உருளைகள் சுற்ற, அதில் அழுக்கு மோதிரம் மாதிரி சேர, அதை நகத்தால் சுரண்ட... இதையெல்லாம் சீனியர் அண்ணன்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்க! காலேஜ் லேபுக்குள் போனால் பாதி மவுஸில் குண்டு இருக்காதாம். யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்பது இன்றுவரை மர்மம். கோலிகுண்டுக்கு இருக்கும்!

மரக்கட்டையில் பிறந்த எலி

மவுஸ் என்ற பெயரே வயரால் வந்ததுதான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த டக்ளஸ் எங்கெல்பர்ட் யோசனை கொடுக்க, அவரோடு வேலை பார்த்த பில் இங்கிலீஷ் 1964-ல் முதல் மவுஸை செய்தார். ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு உலோகச் சக்கரம், மேலே ஒரே ஒரு பட்டன். அவ்வளவுதான். வயர் முதலில் மணிக்கட்டுப் பக்கமாகத்தான் வெளியே வந்தது. கையில் இடிக்கிறது என்று முன்பக்கம் மாற்றினார்கள். வால் இருந்ததால் எலி. யார் இந்தப் பெயரை வைத்தது என்று எங்கெல்பர்ட்டுக்கே ஞாபகம் இல்லை! நம்ம ஊர்ப் பாடப் புத்தகத்தில் இதற்கு 'சுட்டி' என்று பேர். வாலு என்றாலும் சுட்டி என்றாலும் நம்ம வீட்டில் ஒரே அர்த்தம்தானே!

1968 டிசம்பர் 9-ம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோவில் சுமார் ஆயிரம் பேர் முன்னால் எங்கெல்பர்ட் 90 நிமிஷம் இதை ஓட்டிக் காட்டினார். 1970-ல் பேடன்ட் கிடைத்தது. ஆனால் காசு? மவுஸ் வீட்டுக்கு வீடு வர ஆரம்பித்த நேரத்தில், அதாவது 1987-ல் பேடன்ட் காலம் முடிந்தேபோனது. ஆப்பிள் நிறுவனத்துக்கு சுமார் 40,000 டாலருக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு ராயல்டி என்று ஒரு பைசா வரவில்லை. 2013-ல் இறந்துபோனார். உலகம் முழுக்க ஒவ்வொரு டேபிளிலும் கிடக்கிற ஒரு பொருளைக் கண்டுபிடித்த மனுஷன்!

'மும்பைக்குப் போய் வரணும் பாஸ்!'

இப்போ கேம் மேட்டருக்கு வருவோம். நம்ம பக்கம் பசங்க பாதிப் பேர் மொபைலில்தான் ஆடுகிறார்கள். ஆனால் வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்று கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டால் மவுஸ்தான் துப்பாக்கி. அங்கேதான் 'வயரா, ஒயர்லெஸ்ஸா' சண்டை ஆரம்பிக்கும்.

கணக்கைப் பார்த்துடலாம். மவுஸ் தான் நகர்ந்ததை கம்ப்யூட்டருக்கு விட்டு விட்டுத்தான் சொல்லும். சாதா மவுஸ் செகண்டுக்கு 125 தடவை, அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. கேமிங் மவுஸ் செகண்டுக்கு 1,000 தடவை, அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. 'அடேங்கப்பா, எட்டு மடங்கு ஸ்பீடு!' என்று பெட்டி மேலே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் நம்ம கையில் இருக்கிற லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு காட்சி மாறவே 16.7 மில்லி செகண்ட் ஆகும். வேலரன்ட் சர்வர் மும்பையில் இருக்கு. நாம சுட்ட தோட்டா காங்கேயத்தில் இருந்து அங்கே போய்த் திரும்ப இன்னும் பல பத்து மில்லி செகண்ட். கண்ணால் பார்த்து விரல் அழுத்த மனுஷனுக்கே சுமார் 200. இதில் மவுஸ் மிச்சப்படுத்துகிற ஏழு மில்லி செகண்டை மட்டும் குறை சொல்லித் தோற்றவர்கள், கொஞ்சம் மனசாட்சியோடு பேசுங்கப்பா!

அப்போ வயர் எதுக்கு? ஸ்பீடுக்காக இல்லை, நம்பிக்கைக்காக.

மலிவு ஒயர்லெஸ் மவுஸ் பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தூங்கிவிடும். மூலையில் பதுங்கி, எதிரி வரட்டும் என்று கை அசையாமல் காத்திருக்கிறீர்கள். வந்துவிட்டான், க்ளிக்! முதல் க்ளிக் மவுஸை எழுப்பத்தான் பயன்படும். அதற்குள் நீங்கள் காலி. இன்னொன்று, இந்த ஒயர்லெஸ் மவுஸ் பேசுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வை-ஃபையும் அங்கேதான், ப்ளூடூத்தும் அங்கேதான். ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு நாலு ஹாட்ஸ்பாட், நாலு இயர்பட்ஸ். வாரச்சந்தைக்கு நடுவில் நின்று ரகசியம் பேசுகிற கதைதான். போதாக்குறைக்கு, யு.எஸ்.பி. 3.0 போர்ட்டும் அதில் சொருகுகிற ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை நீல நிற போர்ட்டுக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு மவுஸைத் திட்டுகிறவர்கள் கவனிக்க!

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். பெரிய போட்டிகளில் ஆடுகிற புரொஃபஷனல் ஆட்கள் பெரும்பாலும் இன்றைக்கு ஒயர்லெஸ்தான். 2020-ல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு, வயருக்கு எந்த விதத்திலும் சளைத்ததில்லை. என்ன, வெளிவந்தபோது விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. என்னோட ஒரு மாச மெஸ் பில்லையும் பஸ் பாஸையும் கூட்டினால் கூட அந்தப் பக்கம் போக முடியாது. நம்ம சண்டை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு உள்ளே. அந்த விலையில் ஒயர்லெஸ் வாங்கினால் காசில் ஒரு பங்கு ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் போய்விடும். வயர் வாங்கினால் அது அப்படியே சென்சாருக்குப் போகும்.

சென்சார்தான் நிஜமான வித்தியாசம். கேமரா கதை ஞாபகம் இருக்கா? மவுஸை விருட்டென்று வீசும்போது, மலிவு சென்சார் எடுத்த முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். ஒப்பிட எதுவும் இல்லை. உடனே அது குத்துமதிப்பாக எதையோ சொல்லும். நீங்கள் வலது பக்கம் திரும்ப, திரையில் உங்கள் ஆள் வானத்தைப் பார்ப்பார்! நல்ல சென்சாரில் இது நடக்காது.

பெட்டி மேல் '16,000 டி.பி.ஐ.' என்று போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள். ஒரு இன்ச் நகர்த்தினால் எத்தனை புள்ளி நகரும் என்பதுதான் டி.பி.ஐ. ஃபுல் ஹெச்.டி. திரை 1,920 புள்ளி அகலம். 800 வைத்தால் கை சுமார் இரண்டரை இன்ச் நகர்ந்தால் திரையின் இந்த முனையில் இருந்து அந்த முனை. 16,000 வைத்தால்? வெறும் 3 மில்லி மீட்டர். ஒரு எள்ளு நீளம்! அதில் எவன் தலையைக் குறி பார்ப்பது? நன்றாக ஆடுகிறவர்கள் 400, 800, அதிகம் போனால் 1,600 என்றுதான் வைக்கிறார்கள். விண்டோஸில் மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒன்று டிக் அடித்திருக்கும். பேர்தான் பிரிசிஷன். கை வேகத்துக்குத் தகுந்த மாதிரி தூரத்தை மாற்றிவிடும் வேலை அது. எடுத்துவிடுங்கள், கைக்கு ஒரே கணக்குப் பழகும்.

வயர் டேபிள் விளிம்பில் இழுக்கிறதா? அதற்கென்றே ஸ்டாண்டு விற்கிறார்கள். அம்மாவிடம் ஒரு துணி கிளிப் வாங்கி, வயரைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டு மேஜை ஓரத்தில் கடித்து வைத்தால் போதும்.

சக்கரம் இல்லாம கேட் இல்லை

விளையாட்டை விடுங்க, இன்ஜினீயரிங் ஸ்டூடன்டுக்கு மவுஸ் என்பது மார்க் விஷயம். ஆட்டோகேடில் நடுச் சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும், சின்னதாகும். அழுத்திக்கொண்டு இழுத்தால் படம் நகரும். இரண்டு தட்டு தட்டினால் வரைந்தது முழுக்கத் திரைக்குள் வந்து உட்காரும். சாலிட்வொர்க்ஸில் சக்கரத்தை அழுத்தி இழுத்தால் பொருளே சுழலும். டச்பேடை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், மூன்று மணி நேர ப்ராக்டிகலில் இரண்டு மணி நேரம் விரல் டான்ஸ்தான். அதனால் லேபுக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்க ஓடுவார்கள். மெக்கானிக்கல் பசங்க நல்ல சக்கரம் இருக்கிற மவுஸைத் தேடி ஓடுவோம்!

திருப்பூர் பக்கம் டி-ஷர்ட் பிரின்ட்டுக்கு கோரல் டிராவில் டிசைன் போடுகிறவர்களைப் பாருங்கள். பூவின் ஒவ்வொரு இதழையும் புள்ளி புள்ளியாகச் சுற்றி வருவார்கள். ராத்திரி ஷிப்ட் டிசைனருக்கு நடுவில் மவுஸ் நின்றால் ஸ்க்ரீன் போகாது, ஸ்க்ரீன் போகாவிட்டால் பிரின்ட்டிங் நிற்கும்.

வீட்டு உபயோகத்துக்கும் ஒன்று சொல்லணும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அந்த லேப்டாப்கள் நிறைய இன்னும் வீடுகளில் இருக்கு. அக்கா வாங்கியது, தம்பி படித்தது, இப்போ அப்பா ஆன்லைனில் கரன்ட் பில் கட்டுவது. டச்பேடு எப்பவோ செத்திருக்கும். முந்நூறு நானூறு ரூபாய் வயர் மவுஸ்தான் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கு.

மவுஸ் டாக்டர் ஆகலாம் வாங்க!

வயர் மவுஸில் எனக்குப் பிடித்ததே இதுதான். திறந்து பார்க்கலாம், சரிபண்ணலாம். அடியில் ஸ்க்ரூ கண்ணில் படவில்லையா? ஸ்டிக்கருக்குக் கீழேயோ, வழுக்கிப் போக ஒட்டியிருக்கிற கருப்புப் பட்டைக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும்.

அடிக்கடி வருகிற வியாதி இரண்டு. ஒன்று, வயரை ஆட்டினால் லைட் எரியும், விட்டால் அணையும். வயர் மவுஸுக்குள் நுழைகிற கழுத்தில்தான் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும். அந்த இடத்தோடு ஒரு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சீவி, பழைய இடத்திலேயே சால்டரிங் வைத்தால் எலி பிழைத்துக்கொள்ளும். உள்ளே நாலு கம்பி. சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்டு, பச்சையும் வெள்ளையும் டேட்டா. மலிவு மவுஸில் கலரை இஷ்டத்துக்கு மாற்றியிருப்பார்கள், ஜாக்கிரதை! வெட்டும் முன் மொபைலில் ஒரு போட்டோ. சிவப்பையும் கருப்பையும் மாற்றி வைத்தால் நேராகச் சங்குதான்.

இரண்டாவது, ஒரு க்ளிக் கொடுத்தால் இரண்டு க்ளிக் விழுகிற வியாதி. ஃபைலைத் தேர்ந்தெடுக்கப் போனால் திறந்துவிடும், இழுக்கப் போனால் நடுவழியில் போட்டுவிடும். இடது பட்டனுக்குக் கீழே மூன்று கால் வைத்த ஒரு குட்டி கருப்புப் பெட்டி, அதுதான் ஸ்விட்ச். உள்ளே ஒரு மெல்லிய செம்புத் தகடு லட்சக்கணக்கில் குதித்துக் குதித்துத் தேய்ந்திருக்கும். புது ஸ்விட்ச் கோவையிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தேடிப் போகணும். அதுவரைக்கும் ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. வலது பட்டனுக்கும் பெரும்பாலும் அதே ஸ்விட்ச்தான், அதற்கு வேலையும் கம்மி. இரண்டையும் கழற்றி இடம் மாற்றிவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். சால்டரிங் பழக இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் போர்டு போர்டாகப் பழகியதைவிட, செத்த மவுஸில் கற்றுக்கொண்டவர்கள் எங்க செட்டில் அதிகம்.

ஒயர்லெஸ்ஸில் பேட்டரியை மறந்து உள்ளேயே விட்டு, அது கசிந்து ஸ்ப்ரிங்கைத் தின்றுவிட்டால்? சுத்தம் பண்ணிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கை பத்திரம்!

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வயரும் ஒயர்லெஸ்ஸும் ஒண்ணுதான். ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுத்து, மணிக்கட்டை மேல்நோக்கி ஒடித்து வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் ஆடுவது ஆகாது. மணிக்கட்டு நேராக இருக்கணும், மவுஸ் முழங்கை உயரத்தில் இருக்கணும். டி.பி.ஐ.யைக் குறைத்தால் மணிக்கட்டுக்குப் பதில் முழங்கையில் இருந்து கை நகரும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போக ஆரம்பித்தால் 'கூகுள் டாக்டர்' வேண்டாம், நிஜ டாக்டரிடம் போங்கள். மணிக்கட்டு வழியாகப் போகிற நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

கடைக்குப் போறீங்களா?

பெட்டியைப் பார்த்து வாங்காதீங்க, கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்க. 'அண்ணா, ஒண்ணு சொருகிக் காட்டுங்ணா' என்று கேட்டால் நம்ம ஊரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சொருகியதும் கழுத்துப் பக்கம் வயரை லேசாக ஆட்டுங்கள், அம்புக்குறி தடுமாறக் கூடாது. ஒரு ஃபோல்டர் மேல் நிதானமாக இருபது தடவை ஒற்றைக் க்ளிக் கொடுங்கள், அது தானாகத் திறந்துகொண்டால் அந்தப் பீஸ் வேண்டாம். மவுஸை டேபிளில் இருந்து ஒரு விரற்கடை தூக்கி ஆட்டுங்கள், அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கணும். சக்கரத்தை அழுத்திப் பார்க்க மறக்காதீங்க, கேட் லேப் ஆட்கள் இதை இரண்டு தடவை செய்யலாம். பழைய எடைமேடை கம்ப்யூட்டருக்கு என்றால் பின்னால் பச்சைக் கலர் வட்ட போர்ட் மட்டும்தான் வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டுப் போங்க.

பில் கேட்டு வாங்குங்க. பிராண்டைப் பொறுத்து ஒரு வருஷம், மூணு வருஷம் என்று வாரன்டி இருக்கும். ஆனால் இப்போதெல்லாம் பில் வருவது அந்த வழவழ தெர்மல் பேப்பரில், ஒரே கோடை வெயிலில் எழுத்தெல்லாம் மாயமாகிவிடும். கடை வாசலிலேயே நின்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.